கத்பேர்ட்: தஞ்சம் தேடி வருவார்கள் என்று முன்னரே சொன்ன ஆயர்



இங்கிலாந்தில் வளரும் எங்கள் பிள்ளைகள் ஆரம்பப் பாடசாலையில் அங்கிலோ-சக்சன்களைப் பற்றியும் வைக்கிங்குகளைப் பற்றியும் படிக்கிறார்கள். கடதாசி மட்டையில் வைக்கிங் கப்பல் ஒன்று செய்துகொண்டு வீட்டுக்கு வருவார்கள். நாங்கள் அதை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, இது இவர்களுடைய பழங்கதை, எங்களுக்கும் இதற்கும் என்ன என்று எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்தப் பழங்கதைக்குள் இருக்கும் ஒருவரைத்தான் இந்த மாத உரையில் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். பெயர் கத்பேர்ட். ஆடு மேய்த்தவர், துறவியானார், தனித்தீவில் குடியிருந்தார், விருப்பமில்லாமல் ஆயரானார், இரண்டு வருடம் நிறைவதற்குள் இறந்தும் போனார். கி.பி. 687இல் இறக்கும்போது அவர் சொன்ன இரண்டு விடயங்களுக்காகவே இந்த உரையைத் தயாரித்தேன். அவற்றைச் சொல்வதற்கு முன் அவருடைய காலத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

அகதியாக வளர்ந்த அரசன்

அன்று இங்கிலாந்து என்று ஒரு நாடு இருக்கவில்லை. பல சிற்றரசுகள் இருந்தன. ஹம்பர் ஆற்றுக்கு வடக்கே, இன்றைய ஸ்கொட்லாந்தின் தென்கிழக்குப் பகுதியையும் சேர்த்துக்கொண்டு இருந்த அரசு நோர்தம்பிரியா. அதன் அரசன் ஒருவன் 616ஆம் ஆண்டளவில் போரிலே கொல்லப்பட்டான். அவனுடைய பிள்ளைகள் உயிர் தப்பி வடமேற்கே ஐரிஷ் மொழி பேசும் மக்களிடம் ஓடினார்கள். அவர்களில் ஒருவன் ஒஸ்வால்ட். ஏறத்தாழ 17 வருடங்கள் அந்நிய மண்ணிலே வளர்ந்தான். அவர்களுடைய மொழியைக் கற்றான், அவர்களுடைய கிறிஸ்தவ சமயத்தையும் ஏற்றுக்கொண்டான். 634 அளவில் திரும்பி வந்து அரசைக் கைப்பற்றியதும், தான் அடைக்கலம் இருந்த நாட்டின் அயோனா என்ற தீவு மடத்திலிருந்து ஒரு துறவியை அனுப்பும்படி கேட்டான். வந்தவர் எய்டன். அவருக்கு லிண்டிஸ்பார்ன் என்ற தீவைக் கொடுத்தான். கடல் வற்றினால் கரையோடு சேர்ந்துவிடும், பெருகினால் தனித்தீவாகிவிடும் இடம் அது.

எய்டனுக்கு இங்கத்தைய மக்களின் மொழி சரியாகத் தெரியாது. அவர் பிரசங்கம் செய்யும்போது அரசனே பக்கத்தில் நின்று தன் பிரபுக்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னானாம். இதை எழுதி வைத்தவர் பீட் என்ற துறவி. 731இல் ஆங்கிலேயரின் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்தவர் அவர். நானும் சில வருடங்கள் எங்கள் ஆட்களுக்காக ஆஸ்பத்திரிகளிலும் கந்தோர்களிலும் மொழிபெயர்ப்பாளராக நின்றவன். முடி சூடிய ஒருவன், அகதியாய் இருந்த காலத்தில் பொறுக்கிய மொழியை வைத்துக்கொண்டு இன்னொருவருக்காக வாய் திறந்து பேசினான் என்பதை வாசித்தபோது, அந்த வேலையைப் பற்றி எனக்கிருந்த எண்ணமே கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

ஏழு நாளில் ஒரு புத்தகம்

கத்பேர்ட் பிறந்தது 635ஆம் ஆண்டளவில். எய்டன் லிண்டிஸ்பார்னுக்கு வந்ததும் அதே காலத்தில்தான். 651 ஆகஸ்ட் 31ஆம் திகதி இரவு எய்டன் இறந்தார். அன்றிரவு இளைஞனான கத்பேர்ட் மலைச்சரிவில் ஆட்டு மந்தைக்குக் காவல் இருந்ததாகவும், வானத்தில் ஒளியையும் அதில் ஓர் ஆன்மா மேலே கொண்டுபோகப்படுவதையும் கண்டதாகவும் பீட் எழுதுகிறார். அதன்பிறகு அவர் மெல்றோஸ் மடத்துக்குப் போனார். போகும்போது குதிரையில், கையில் ஈட்டியோடு போனார் என்பதால், அவர் அவ்வளவு ஏழைக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்திருக்கமாட்டார் என்று ஊகிக்கலாம். வாசலில் இறங்கிக் குதிரையையும் ஈட்டியையும் வேலையாளிடம் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தார்.

அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தவர் போய்சில். சில வருடங்களில் கொள்ளைநோய் வந்தது. கத்பேர்ட்டுக்கும் வந்தது, ஆனால் அவர் தப்பினார். போய்சிலுக்கு வந்தபோது, தனக்கு இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது, அதற்குள் படிக்கக்கூடியதைப் படிப்போம் என்றார். யோவான் நற்செய்தியை எடுத்தார்கள். அந்தப் பிரதி ஏழு மடிப்புகளாகக் கட்டப்பட்டிருந்தது. ஒரு நாளுக்கு ஒரு மடிப்பு. சிக்கலான வாதங்களுக்குள் போகாமல், அன்பினால் இயங்கும் விசுவாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வாசித்தபடியால் ஏழு நாளில் முடிக்க முடிந்தது என்கிறார் பீட். ஏழாம் நாள் ஆசான் இறந்தார். இந்த யோவான் நற்செய்தியை மனதில் வைத்திருங்கள், பின்னால் இன்னொரு பிரதியாகத் திரும்ப வரும்.

போய்சிலுக்குப் பிறகு மடத்தின் பொறுப்பு கத்பேர்ட்டிடம் வந்தது. அவர் மடத்துக்குள் இருந்து நிர்வாகம் மட்டும் செய்யவில்லை. மற்றவர்கள் போகப் பயப்படும் மலைக்கிராமங்களுக்கு நடந்து போவார். சில வேளைகளில் ஒரு மாதம் முழுவதும் திரும்பி வரமாட்டார். கொள்ளைநோய்க் காலத்தில் தாயத்துகளையும் மந்திரங்களையும் நம்பிப் பழைய வழிக்குத் திரும்பிய மக்களிடம் அவர் சண்டை பிடிக்காமல், கூட இருந்து பேசினார். அவர் முகத்தைப் பார்த்ததும் ஆட்கள் தங்கள் மனதில் மறைத்து வைத்ததைச் சொல்லத் தொடங்கிவிடுவார்களாம்.

போனவர்களும் நின்றவர்களும்

அந்தக் காலத்தில் பெரிய பிணக்கு ஒன்று இருந்தது. உயிர்த்த ஞாயிறு எந்த நாள் என்று கணக்கிடுவதில் ஐரிஷ் துறவிகளின் முறை வேறு, உரோமாபுரியின் முறை வேறு. இன்று கேட்டால் இதற்கா சண்டை என்று தோன்றும். ஆனால் ஒரே அரண்மனையில் அரசன் பெருவிழா கொண்டாடும்போது அரசி இன்னும் நோன்பில் இருக்கும் நிலை இருந்தது. இந்தப் பிணக்கினால் கத்பேர்ட்டும் ஒரு முறை இடம் இழந்தவர்தான். றிப்பன் என்ற இடத்தில் புதிதாகத் தொடங்கிய மடத்தில் அவர் விருந்தினரைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தார். வருவோரின் கால்களைக் கழுவி, குளிரில் விறைத்த பாதங்களைக் கையால் தேய்த்துச் சூடாக்கி, சாப்பாடு கொடுப்பது அவருடைய வேலை. உரோமாபுரி முறையை ஏற்க மறுத்ததால் அவரும் அவருடைய தலைவர் ஈட்டாவும் மற்றவர்களும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு மெல்றோஸுக்குத் திரும்பினார்கள்.

664இல் விற்பி என்ற இடத்தில் கூடிய சபையில் அரசன் உரோமாபுரி முறைக்குத் தீர்ப்புச் சொன்னான். லிண்டிஸ்பார்ன் ஆயராக இருந்த கோல்மன் அதை ஏற்காமல் ஐரிஷ் துறவிகளோடும், சுமார் 30 ஆங்கிலத் துறவிகளோடும் தீவை விட்டுப் புறப்பட்டார். போகும்போது எய்டனின் எலும்புகளில் ஒரு பகுதியை எடுத்துச் சென்றார். மறுபகுதியைத் தேவாலயத்திலே விட்டுச் சென்றார். பிரிந்துபோகும் மக்கள் தங்கள் முன்னோரையும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

கத்பேர்ட் இம்முறை புதிய முறையை ஏற்றுக்கொண்டு நின்றவர்களில் ஒருவர். நின்றது இலகுவான வேலை என்று நினைக்காதீர்கள். பாதிப்பேர் போன மடத்துக்கு, மனம் உடைந்து பழைய வழக்கத்தையே பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அவர் மேலாளராக அனுப்பப்பட்டார். கூட்டங்களில் அவரை அவமதித்துப் பேசினார்கள். பேச்சு எல்லை மீறியதும் அவர் அமைதியாக எழுந்து கூட்டத்தை முடித்துவிட்டுப் போவார். அடுத்த நாள் ஒன்றும் நடக்காதது போல வந்து அதே விடயத்தைத் திரும்பச் சொல்வார். சங்கம், கோயில், பழைய மாணவர் மன்றம் என்று பிரிந்து பிரிந்து நிற்கும் எங்களுக்கு இந்தக் காட்சியை நான் விளக்கத் தேவையில்லை. பீட் சொல்லும் இன்னொரு சிறு விபரம்: சாயம் போடாத சாதாரணக் கம்பளி உடையையே அவர் அணிந்தார். அதன் சுத்தத்தாலும் அழுக்காலும் யாரும் தன்னைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது அவர் எண்ணம்.

வானம் மட்டும் தெரியும் வீடு

676இல் அவர் எல்லாவற்றையும் விட்டு இன்னர் பார்ன் என்ற சிறு தீவுக்குத் தனியே போனார். கடற்பறவைகளும் கடல்நாய்களும் காற்றும்தான் அங்கே. கல்லாலும் புல்மண்ணாலும் வட்டமாக ஒரு வீடு கட்டினார். வெளிச்சுவர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்க, உட்பக்கத்தை இன்னும் ஆழமாகத் தோண்டினார். உள்ளே நின்றால் வானம் மட்டும் தெரியும். கோதுமை விதைத்தார், முளைக்கவில்லை. காலம் பிந்தி பார்லி விதைத்தார், விளைந்தது. கதிரைத் தின்ன வந்த பறவைகளிடம், நீங்கள் விதைக்காததை ஏன் தின்கிறீர்கள், கடவுள் அனுமதித்திருந்தால் தின்னுங்கள், இல்லையென்றால் போங்கள் என்ற கருத்தில் பேசினாராம். அவை போய்விட்டனவாம். தீவில் கூடு கட்டும் ஈடர் வாத்துகளை அந்தப் பகுதி மக்கள் அவருடைய பெயரைச் சுருக்கி 'கடி வாத்து' என்று செல்லமாக அழைக்கிறார்கள்.

இந்தக் கதைகளை எப்படி எடுத்துக்கொள்வது என்று நேயர்கள் கேட்பீர்கள். புனிதர்களின் வரலாறு எழுதுவோர் அற்புதங்களையும் சேர்த்தே எழுதுவது அக்கால மரபு. ஆனால் பீட் கத்பேர்ட்டைப் பற்றி எழுதுமுன் அவரோடு வாழ்ந்தவர்களை விசாரித்தார். எழுதியதை லிண்டிஸ்பார்ன் மூத்த துறவிகள் முன் வாசிக்கச் செய்து திருத்தங்கள் கேட்டார். ஆகவே அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். மனிதர் எப்படிப்பட்டவர் என்பதற்கு நல்ல சாட்சியம் இருக்கிறது.

விரும்பாத பதவி

684இல் சபை கூடி அவரை ஆயராகத் தெரிவு செய்தது. கடிதம் போனது, தூதர் போனார்கள், அவர் அசையவில்லை. கடைசியில் எக்ஃபிரித் மன்னனே படகில் ஏறித் தீவுக்குப் போய், கூட வந்தவர்களோடு முழங்காலில் நின்று கெஞ்சினான். கத்பேர்ட் கண்ணீரோடு சம்மதித்தார். 685 மார்ச் 26ஆம் திகதி யோர்க் நகரில் ஏழு ஆயர்கள் சூழ அவரைத் திருநிலைப்படுத்தியவர் பேராயர் தியோடோர். தியோடோர் எந்த ஊரவர் தெரியுமா? இன்று துருக்கியில் இருக்கும் தார்சு நகரத்துக் கிரேக்கர். ஆங்கிலேயத் திருச்சபையை ஒழுங்குபடுத்தியவர் கிழக்கிலிருந்து வந்த வயது முதிர்ந்த ஓர் அந்நியர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

முதலில் அவருக்குக் கொடுத்தது ஹெக்ஸம் ஆயர் பதவி. ஈட்டா அங்கே மாறிப் போக, கத்பேர்ட் தனக்குப் பழகிய லிண்டிஸ்பார்னுக்கு ஆயரானார். பதவி ஏற்று இரண்டு மாதத்துக்குள் எக்ஃபிரித் மன்னன் வடக்கே பிக்ற் மக்கள்மீது படையெடுத்துப் போனான். கத்பேர்ட் போகவேண்டாம் என்று தடுத்திருந்தார். 685 மே 20ஆம் திகதி, சனிக்கிழமை, ஆயர் கார்லைல் நகரில் இருந்தார். உரோமர் கட்டிய பழைய மதிலையும் நீரூற்றையும் ஊரவர் அவருக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவிலே அவர் ஊன்றுகோலில் சாய்ந்து தலை குனிந்து, போர் முடிந்துவிட்டது போல இருக்கிறது என்ற கருத்தில் மெல்லச் சொன்னாராம். அதே நாளில் மன்னனும் அவனுடைய படையின் பெரும்பகுதியும் மாண்டார்கள். முந்திய வருடம் இதே மன்னன் அயர்லாந்துக்குப் படை அனுப்பி, ஆங்கிலேயருக்கு எந்தத் தீங்கும் செய்யாத மக்களைச் சூறையாடி, தேவாலயங்களையும் விட்டு வைக்காததற்குக் கிடைத்த தண்டனை இது என்று பீட் எழுதுகிறார். தன் இனத்து மன்னன் செய்த அநியாயத்தை அநியாயம் என்றே எழுதிய அந்த நேர்மைக்காக பீட்டை எனக்குப் பிடிக்கும்.

ஆயராக இருந்த காலத்திலும் கொள்ளைநோய் விடவில்லை. கிராமம் கிராமமாக மக்கள் செத்தார்கள். ஓர் ஊரில் பார்த்து முடித்துப் புறப்படும்போது, இன்னும் ஆறுதல் சொல்லவேண்டிய யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று கேட்டுத் திரும்பினார். கொஞ்சத் தூரத்தில் ஒரு தாய் நின்றாள். ஒரு மகனை ஏற்கெனவே நோய்க்குக் கொடுத்துவிட்டு, மூச்சு அடங்கப்போகும் மற்ற மகனைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். ஆயர் போய் அந்த நோய்ப்பிள்ளையை முத்தமிட்டு ஆசீர்வதித்து, பயப்படாதே, உன் வீட்டில் இனி யாரும் சாகமாட்டார்கள் என்று ஆறுதல் கூறினார். தாயும் மகனும் நெடுநாள் வாழ்ந்தார்கள் என்கிறது வரலாறு. தொற்றுநோய் என்றால் என்னவென்று 2020ஆம் ஆண்டுக்குப் பிறகு எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த முத்தத்தின் பாரம் இப்போது எங்களுக்குக் கூடுதலாகவே விளங்கும்.

இறக்கும்போது சொன்ன இரண்டு விடயங்கள்

686 நத்தார் முடிந்ததும், காலம் நெருங்குவதை உணர்ந்து தன் தீவுக்கே திரும்பினார். அடுத்த மாதங்களில் நோய் முற்றியது. பார்க்க வந்த துறவிகள் போனபின் கடல் கொந்தளித்து, ஐந்து நாட்கள் யாரும் தீவுக்கு வர முடியவில்லை. மடத்துத் தலைவர் ஹெரஃபிரித் ஆறாம் நாள் வந்தபோது, கத்பேர்ட் கரையோரம் விருந்தினர் குடிசையில் தனியே இருந்தார். இந்த ஐந்து நாளும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்குப் போர்வையை விலக்கி ஐந்து வெங்காயங்களைக் காட்டினார். ஒன்றிலே மட்டும் பாதிக்கும் குறைவாகக் கடித்திருந்தது. இதை ஹெரஃபிரித்தே பீட்டுக்குச் சொன்னார்.

உங்களை லிண்டிஸ்பார்னுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்ய விடுங்கள் என்று துறவிகள் கேட்டார்கள். அவர் மறுத்தார். காரணம் இதுதான்: என்னைப்பற்றி ஊரிலே ஒரு பெயர் இருக்கிறது, ஆகவே தப்பியோடி வருவோரும் குற்றம் செய்தோரும் என் உடல் இருக்கும் இடத்தில் தஞ்சம் கேட்டு வருவார்கள், அவர்களுக்காக நீங்கள் அதிகாரத்தில் இருப்பவர்களிடம் ஓயாமல் பரிந்து பேசவேண்டி வரும், என்னால் உங்களுக்கு ஏன் அந்தக் கரைச்சல் என்றார். அது எங்களுக்குப் பாரமில்லை, விருப்பமான வேலைதான் என்று துறவிகள் விடாமல் கேட்டார்கள். அப்படியானால் தேவாலயத்தின் உள்ளே புதையுங்கள், யார் யாரை உள்ளே விடுவது என்று நீங்களே தீர்மானிக்கலாம் என்று இறங்கி வந்தார். இது முதலாவது.

தஞ்சம் கேட்பவரின் தேவை, அவருக்காகப் பேசுபவரின் களைப்பு, வாசலைத் திறப்பவரின் அதிகாரம். இந்த மூன்றும் அந்த ஒரு சம்பாஷணைக்குள் இருக்கின்றன. வக்கீல் கந்தோர் வாசலில் கோப்போடு காத்திருந்த அனுபவம் உள்ள யாருக்கும் இது 1,300 வருடத்துக்கு முந்திய பேச்சு என்று தோன்றாது.

இரண்டாவது, கடைசி நாளில் சொன்னது. உங்களுக்குள் சமாதானமாக இருங்கள், வரும் விருந்தினரைக் குறைவாக நினைக்காதீர்கள், திருச்சபையின் ஒற்றுமையை விட்டு விலகியவர்களோடு சேராதீர்கள் என்றார். அதோடு, தீமைக்குத் தலை வணங்கி இங்கே இருப்பதைவிட, என் எலும்புகளைக் கல்லறையிலிருந்து எடுத்துக்கொண்டு இந்த இடத்தை விட்டுப் போய், கடவுள் காட்டும் இடத்தில் தங்குவதையே விரும்புவேன் என்றார். கோல்மன் எய்டனின் எலும்புகளோடு போனதைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். 687 மார்ச் 20ஆம் திகதி இரவு வழிபாட்டு நேரத்தில் இறந்தார். ஒரு துறவி இரண்டு தீவர்த்திகளைக் கொளுத்திக்கொண்டு மேட்டில் ஏறினார். கடலுக்கு அப்பால் லிண்டிஸ்பார்னில் காவல் இருந்தவர் அந்த வெளிச்சத்தைக் கண்டு செய்தியை அறிந்துகொண்டார்.

பெட்டியும் புத்தகமும்

11 வருடங்களுக்குப் பிறகு, 698இல், கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாமல் இருந்ததாகத் துறவிகள் கூறினார்கள். செதுக்கு வேலை செய்த மரப்பெட்டியில் வைத்தார்கள். அவருக்குப் பின் ஆயராக வந்த ஈட்ஃபிரித், கடவுளுக்கும் கத்பேர்ட்டுக்கும் காணிக்கையாக ஒரு நற்செய்திப் பிரதியைத் தன் கையாலேயே எழுதி அலங்கரித்தார் என்பது மரபு. பிள்ளைகள் பாடசாலையில் பார்க்கும் லிண்டிஸ்பார்ன் நற்செய்தி ஏடு அதுதான்.

793 ஜூன் 8ஆம் திகதி வைக்கிங்குகள் லிண்டிஸ்பார்னைத் தாக்கினார்கள். துறவிகள் கொல்லப்பட்டார்கள், சிலர் அடிமைகளாகப் பிடிக்கப்பட்டார்கள். அப்படி இருந்தும் மிச்சப்பேர் உடனே போகவில்லை. ஊரை விட்டுப் போவதென்பது ஒரு நாளில் எடுக்கும் முடிவில்லை. எண்பது வருடங்களுக்கு மேல் தாக்குப் பிடித்து, 875இல் டேனியப் படை வடக்கே திரும்பியதும் ஆயர் ஏர்டுல்ஃப் தலைமையில் கத்பேர்ட்டின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். பெட்டிக்குள் எய்டனின் மிச்ச எலும்புகளையும் வைத்தார்கள். குடும்பங்களும் கூடவே போயின. ஏழு வருடம் வட இங்கிலாந்தெங்கும் அலைந்தார்கள் என்று பிற்காலத்தில் டேர்ஹம் துறவி சிமியோன் எழுதினார். அயர்லாந்துக்குக் கடல் தாண்டப் பார்த்து, புயல் அடித்து, நற்செய்தி ஏடு கடலில் விழுந்து, பின்பு நனையாமல் கரையில் கிடைத்தது என்ற கதையும் அங்கே வருகிறது. அவர்கள் போன பாதை பெரும்பாலும் மடத்துக்குச் சொந்தமான காணிகளின் ஊடாகவே போனது, ஆகவே அது திக்கற்ற அலைச்சல் அல்ல, உரிமையைக் காப்பாற்றும் பயணமும்தான் என்று சில வரலாற்றாய்வாளர்கள் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாதா? உயிரைக் காப்பாற்ற ஓடியவர்கள் மடியில் காணி உறுதியையும் கட்டிக்கொண்டு ஓடுவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். டேனியப் படைக்குத் தலைவன் தேவைப்பட்டபோது, அடிமையாக ஒரு விதவைக்கு விற்கப்பட்டிருந்த குத்ரெட் என்ற டேனிய இளைஞனை விலை கொடுத்து மீட்டு அரசனாக்கும்படி, மடத்துத் தலைவர் ஈட்ரெட்டின் கனவில் கத்பேர்ட் சொன்னாராம். அப்படியே செய்தார்கள். அவன் அந்த நன்றிக்குக் காணி கொடுத்தான். 883இல் செஸ்ரர்-லி-ஸ்ரீட்டில் குடியமர்ந்தார்கள். துரத்தியவர்களின் பிள்ளையோடு உடன்பாடு செய்துதான் அவர்களுக்கு நிம்மதி கிடைத்தது. அங்கே 112 வருடம் இருந்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த ஆல்ட்ரெட் என்ற குரு, ஈட்ஃபிரித்தின் இலத்தீன் ஏட்டின் வரிகளுக்கு இடையே பொடி எழுத்தில் சொல்லுக்குச் சொல் ஆங்கிலம் எழுதினார். இன்று எஞ்சியிருக்கும் ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்புகளில் மிகப் பழையது அதுவே. இடம்பெயர்ந்த சமூகம் ஒன்று, மூதாதையரின் புத்தகம் தன் பிள்ளைகளுக்கு விளங்கவேண்டும் என்று செய்த வேலை அது.

995இல் மீண்டும் ஆபத்து வந்து, மீண்டும் பெட்டியைத் தூக்கி, கடைசியில் டேர்ஹம் குன்றில் இறக்கினார்கள். 1093இல் தொடங்கிய இன்றைய பேராலயம் அந்தப் பெட்டிக்காகக் கட்டியது.

கதவில் ஒரு வளையம்

கத்பேர்ட் பயந்தது அப்படியே நடந்தது. ஆட்கள் தஞ்சம் கேட்டு வந்தார்கள். பேராலயத்தின் வடக்கு வாசலில் சிங்கமுகம் போன்ற வெண்கலத் தட்டுவளையம் இருக்கிறது. இப்போது கதவில் இருப்பது பிரதி, அசல் உள்ளே காட்சிக்கு இருக்கிறது. அதைத் தட்டினால் இரவிலும் திறப்பார்கள். உள்ளே வந்தவருக்கு இடது தோளில் மஞ்சள் சிலுவை தைத்த கறுப்பு அங்கி கொடுத்து, 37 நாட்கள் சாப்பாடும் படுக்கையும் கொடுப்பார்கள். அந்த 37 நாள் உரிமையை முதலில் வழங்கியவர்களில் அடிமையாய் இருந்து அரசனான குத்ரெட்டும் ஒருவன் என்பது மரபு. 1464 முதல் 1524 வரையிலான பதிவுகளில் 300க்கும் மேற்பட்டோர் இப்படித் தஞ்சம் கேட்டிருக்கிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர்களில் பெரும்பாலோர் கொலை முதலிய குற்றம் சுமந்தவர்கள். ஆகவே எங்கள் நிலையும் அவர்கள் நிலையும் ஒன்றல்ல, பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. அன்றைய தஞ்சம், பழிவாங்கலுக்கும் நீதி விசாரணைக்கும் நடுவில் ஒரு மூச்சுவிடும் இடைவெளி. 37 நாள் முடிய விசாரணைக்குப் போகவேண்டும், இல்லையேல் நாட்டை விட்டுப் போவதாகச் சத்தியம் செய்து துறைமுகத்துக்கு நடக்கவேண்டும். இன்று நாட்டை விட்டு வந்தவர்கள் தஞ்சம் கேட்கிறோம். அன்று தஞ்சம் கேட்டவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். 1624இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது.

1104இல் புதிய பேராலயத்துக்கு மாற்றுவதற்காகப் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே ஒரு சிறிய யோவான் நற்செய்தி இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், 14 சென்ரிமீற்றர் உயரம்கூட இல்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. கட்டும் சிவப்புத் தோல் அட்டையும் குலையாமல் எஞ்சிய ஐரோப்பியப் புத்தகங்களில் மிகப் பழையது இதுவே. ஆசானோடு ஏழு நாள் வாசித்த பிரதி இதுவல்ல, ஆனால் அந்த நினைவிலேதான் யாரோ அதே நற்செய்தியைப் பெட்டிக்குள் வைத்தார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. 2012இல் பிரித்தானிய நூலகம் 90 இலட்சம் பவுண்கள் திரட்டி அதை வாங்கியது. 1827இல் கல்லறையைத் திறந்தபோது அவர் உடையின் மடிப்புக்குள் தங்கச் சிலுவை ஒன்று கிடைத்தது. செந்நிறக் கற்கள் பதித்தது. ஒரு கை உடைந்து திருத்திய அடையாளம் அதில் தெரிகிறது. அதையும், ஒட்டிச் சேர்த்த பெட்டியின் பலகைத் துண்டுகளையும் டேர்ஹமில் பார்க்கலாம். பெருங்கல்லறையை எட்டாம் ஹென்றியின் ஆட்கள் உடைத்துவிட்டார்கள். இப்போது நிலத்தில் ஒரு சாதாரணக் கல், அதிலே இலத்தீனில் அவர் பெயர் மட்டும். நான் போன நாளில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் அதைச் சுற்றித் தரையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தது. எல்லா நிறத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

விடுமுறையில் வடக்கே போனால் டேர்ஹமையும் லிண்டிஸ்பார்னையும் பார்த்து வாருங்கள். தீவுக்குக் காரில் போவதானால் கடல் பெருகும் நேர அட்டவணையைக் கட்டாயம் பாருங்கள், பாதை ஒரு நாளில் இரண்டு தடவை நீருக்குள் போய்விடும். திரும்பி வரும் வழியில் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். புறப்பட்டு வந்தபோது எங்கள் பெட்டிக்குள் என்ன வைத்தோம், எதை விட்டு வந்தோம் என்று அவர்கள் கேட்பார்கள். அம்மம்மாவும் அப்பப்பாவும் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே அதைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆல்ட்ரெட் செய்ததுபோல, பிள்ளைகளுக்கு விளங்கும் மொழியையும் வரிகளுக்கு இடையே எழுதலாம்.

அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.